ரூமா தோட்டத் தமிழ்ப்பள்ளி

அன்று காலையிலிருந்தே லோகேஸ்வரிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துணி காயப்போடப் போனாள். பாதித் துணி கொடிக்கு ஏறுவதற்குள் சின்னவன் யுகன் கழிப்பறைக்குள்ளிருந்து, "மா, முடிஞ்சிருச்சி!" என்று தாமான் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான். அவனைக் கழுவிவிட்டுத் திரும்பினால் தோசை கருகி வீடெல்லாம் புகை. ஜன்னலைத் திறக்கப் போனவள் எதற்காகப் போனோம் என்பதை மறந்து, மேசை மேல் கிடந்த பென்சிலைச் சீவிக்கொண்டு நின்றாள். நெஞ்சு மட்டும், ஓடாமலே ஓடி வந்தவளைப் போல் அடித்துக்கொண்டது.

லூனாஸில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு அது. மற்ற தாய்மார்கள் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, 'அப்பாடா' என்று நாற்காலியில் சாயும் நேரத்தில்தான் லோகேஸ்வரியின் பள்ளி திறக்கும். மாணவர்கள் மூன்று பேர். மூன்றும் அவள் பெற்றது. கவினேஷுக்குப் பதினொரு வயது, தர்வினுக்கு எட்டு, யுகனுக்கு ஐந்து. சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. பள்ளியின் தலைமையாசிரியரும் சமையல்காரியும் கூட்டிப் பெருக்குகிறவளும் அவளேதான்.

அவள் இதை ஆசைக்காகத் தொடங்கவில்லை. கவினேஷுக்குப் பேச்சு திக்கும். பள்ளியில் அவன் வாசிக்க எழுந்தாலே பின்வரிசை சிரிக்கத் தொடங்கியது. சிரிப்புக்குப் பயந்து பையன் காலைதோறும் வாந்தி எடுத்தான். அப்புறம் வாந்தி நின்றது, பேச்சும் நின்றது. ஒரு மாதம் வீட்டில்கூடத் தலையை ஆட்டியே காலம் தள்ளினான். லோகேஸ்வரி கல்வி இலாகாவுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கிப் பையனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். தம்பிகளையும் அவனோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவன் பேசுகிறான். திக்கித் திக்கித்தான் பேசுகிறான், ஆனால் வாயைத் திறந்து பேசுகிறான். அதற்காக அவள் இன்னும் எத்தனை தோசையைக் கருக்கவும் தயார்.

ஆனால் அவள் புருஷன் குணாளன் தயாராக இல்லை. அவன் கூலிம் ஃபேக்டரி ஒன்றில் லைன் லீடர். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். மகன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் தகப்பனுக்குப் பொறுக்காது. "த... த..." என்று பையன் தொடங்கினால் போதும், "தண்ணியா? இந்தா குடி" என்று சொல்லை வாயிலிருந்து பிடுங்கி முடித்துவிடுவான். அவனுக்கு அது உதவி. பையனுக்கு அதற்கப்புறம் பேசவே தோன்றாது.

தீபாவளிக்குக் கரங்கானில் இருக்கும் அவனுடைய அக்கா பிரேமாவதி வீட்டுக்குப் போனபோது பேச்சு அங்கேதான் போய் நின்றது. "வீட்டுக்குள்ள பூட்டி வச்சா புள்ளைக்கு எங்கேர்ந்து பேச்சு வரும்? நாலு பேரோட பழகணும் லா," என்றாள் பிரேமாவதி, முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே. திரும்பி வரும்போது காடியை ஓட்டிக்கொண்டே குணாளன் சொன்னான்: "ஜனவரி வரைக்கும் பாப்போம். ஒன்னால முடியலன்னு தெரிஞ்சா மூணு பேரையும் ஸ்கூல்ல போட்டுடறேன். அக்கா ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிட்டாங்க."

அன்றிலிருந்து 'முடியல' என்ற சொல் லோகேஸ்வரியின் வாயில் வரவே இல்லை. தலை வலித்தால் முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கணக்குப் பாடம் நடத்தினாள். தூக்கம் வராவிட்டால் எழுந்து அடுத்த நாள் பாடத்துக்குப் படம் வெட்டினாள். வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் ஷாமளா என்ற பினாங்குக்காரி, ரோஜா இதழ் மிதக்கும் வெந்நீரில் தன் கால்களை வைத்துப் படம் போட்டு, 'நம்மை நாமே கவனித்துக்கொள்வோம் தோழிகளே' என்று எழுதியிருந்தாள். லோகேஸ்வரியின் கால் கடைசியாகத் தண்ணீரில் நின்றது வாசல் சாக்கடை பொங்கியபோது. படத்துக்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். எரிச்சலாகத்தான் இருந்தது. பொறாமை என்றும் சொல்லலாம்.

கருகிய தோசையைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது கரண்டி கையிலிருந்து நழுவியது. எடுத்தாள், மறுபடி நழுவியது. விரல்கள் நடுங்கின. பயந்துபோனாள். கிளினிக்குக்குப் போகவேண்டும், ஆனால் எனக்காகப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நல்லவேளையாக யுகன் இரண்டு தடவை இருமினான். "ஏன்டா இருமுற? வா, டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்," என்று அவனைப் பிடித்துச் சட்டை மாட்டினாள். வீட்டில் தனியே விட ஆளில்லாததால் பள்ளி மொத்தமும் காடியில் ஏறியது.

கிளினிக்கில் டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். யுகனின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள், வாயைத் திறக்கச் சொன்னாள், ஒன்றுமில்லை என்றாள். பிறகு மேசை மேல் இருந்த லோகேஸ்வரியின் கையையே பார்த்தாள். "இவனுக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு என்ன?" என்று மலாயில் கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்கு லோகேஸ்வரியின் கண் நிறைந்துவிட்டது. எத்தனையோ நாளாக யாரும் கேட்காதது அது.

பிரஷர் பார்க்கவேண்டும் என்றால் அவள் பெயரையும் பதியவேண்டும். வெளியே கவுண்டரில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி, ஒரு சின்ன மலாய்ப் பெண், கணினியைத் தட்டிக்கொண்டே "என்ன வேலை?" என்று மலாயில் கேட்டாள். லோகேஸ்வரி எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தர்வின் கவுண்டரில் முகவாயை வைத்துக்கொண்டு, "அம்மா எங்க டீச்சர்!" என்று மலாயில் அடித்து விட்டான். எட்டு வயசுக்கு இவ்வளவு வாய் ஆகாது.

"டீச்சரா? தமிழ்ப்பள்ளியா? எந்த ஸ்கூல்?"

"ரூமா..." என்று இழுத்தாள் லோகேஸ்வரி. வீட்டில்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று விளக்குவதற்குள் தலை சுற்றியது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"லாடாங்?" என்றாள் மிஸ்ஸி.

அவள் என்ன கேட்டாள் என்று தெரியாமலேயே லோகேஸ்வரி தலையை ஆட்டிவிட்டாள்.

பிரஷர் எகிறிக் கிடந்தது. டாக்டர் இரண்டாம் தடவையும் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். தூங்குவது இல்லையா, சாப்பிடுவது எப்போது, யார் உதவி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு லோகேஸ்வரி சிரித்தாள். மாத்திரை எழுதிவிட்டு, எல்லா டாக்டரும் எல்லா நோயாளியிடமும் கேட்பதுபோல் அவளும் கேட்டாள்: "எம்சி வேணுமா?"

எம்சி! குணாளன் எடுப்பான். அவன் லைனில் வேலை செய்கிறவர்கள் திங்கட்கிழமைதோறும் எடுப்பார்கள் என்று திட்டிக்கொண்டே வருவான். மருத்துவ விடுப்பு என்ற அந்தத் துண்டுச் சீட்டைத் தன்னிடமும் ஒருத்தி நீட்டுவாள் என்று லோகேஸ்வரி கனவிலும் நினைத்ததில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். "குடுங்க," என்றாள்.

காடியில் ஏறிய பிறகு சீட்டு பின்சீட்டுக்குப் போய்விட்டது. கவினேஷ்தான் வாசித்தான். பெயர், இன்றும் நாளையும் விடுப்பு, பிறகு வேலையிடம். "எஸ்... எஸ்ஜேகேடி லா... லாடாங்... ரூ... ரூமா." கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மூன்று பேரும் பின்சீட்டில் விழுந்து புரண்டு சிரித்தார்கள்.

அந்த மிஸ்ஸியைக் குற்றம் சொல்ல முடியாது. எஸ்ஜேகேடி என்றால் தமிழ்ப்பள்ளி, லாடாங் என்றால் தோட்டம். இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனையோ ஒரு தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டுதான் நிற்கும். ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய் வீடுகள் எழும்பினாலும் பள்ளியை விட்டுத் தோட்டத்தின் பெயர் போகாது. தமிழ் டீச்சர், பள்ளிக்கூடம் ரூமா என்றதும் மிச்சத்தை அவளே நிரப்பிக்கொண்டாள். ரூமா என்பது வீடுதான் என்று மலாய்க்காரிக்கே தோன்றவில்லை. லோகேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க பயமும் வந்தது. இந்தச் சீட்டைக் குணாளன் பார்த்தால் கதை முடிந்தது. பிரஷர், நடுக்கம், முடியாமை எல்லாவற்றுக்கும் டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சி அது.

வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கைப்பைக்குள் ஒளிக்கப் பார்த்தாள். அது அதற்குள் ஐஸ்பெட்டியில் காந்தத்தின் கீழ் ஏறியிருந்தது. தர்வின் ஏற்றியிருந்தான். "எம்சின்னா படுக்கணும் மா. வேல செஞ்சா சம்பளத்த கட் பண்ணுவாங்க, அப்பா சொல்லியிருக்காரு," என்று அவளை அறைக்குத் தள்ளினான்.

படுத்தாள். படுக்கத் தெரியவில்லை. இடது பக்கம் திரும்பினால் அரிசி ஊறவைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது, வலது பக்கம் திரும்பினால் காயாத துணி. எழுந்து அடுப்படிக்குப் போனாள். தர்வின் விரட்டினான். மறுபடி படுத்தாள். மழை வருமா என்று பார்க்க எழுந்தாள். வெளியே மேசையில் எதுவோ உருண்டு விழுந்தது, யாரோ அதற்குச் சிரித்தார்கள். போய்ப் பார்க்கக் கை கால் பரபரத்தது. ஓய்வு என்பது இவ்வளவு பெரிய வேலையாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரோஜா இதழ்க்காரியைக் கேட்டால் தெரியும். படுத்த இடத்திலேயே அவள் ஜனவரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சீருடையில் கவினேஷ். எழுந்து நின்று வாசி என்கிற குரல். பின்வரிசை.

சாயங்காலம் கம்பெனி பஸ் சந்து முனையில் நின்றதும் யுகன் வாசல் கேட்டுக்கே ஓடிவிட்டான். "ப்பா! அம்மாவுக்கு எம்சி!" தாமானுக்கு அவன்தான் வானொலி.

குணாளன் கால் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஐஸ்பெட்டி முன்னால் நின்று சீட்டை வாசித்தான். "இது எந்தத் தோட்டம்?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்வதற்குள் அவனுக்கே விளங்கியது. சிரிக்கவில்லை. அறைக்குள் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"என்ன லோகா இது?"

"பிரஷர் கொஞ்சம் கூடியிருக்காம். ரெஸ்ட் எடுத்தா சரியாயிடுமாம்."

"எத்தன நாளா?"

அவள் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தாள். அதுவே பதில் என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

"நான் கோவத்துல சொல்லல," என்றான் குணாளன். உண்மையில் அவன் குரல் மெதுவாகத்தான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பதற வைத்தது. சண்டை போட்டால் திருப்பிச் சண்டை போடலாம். "நாளைக்கு நீ விழுந்துட்டா இந்தப் புள்ளைங்கள யாரு பாக்கறது? ஜனவரில போட்டுடுவோம் லா. அக்காவுக்குச் சொல்லிடறேன்." சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தான்.

லோகேஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க லைன்ல ஒரு ஆளு எம்சி போட்டா என்னங்க செய்வீங்க?"

"வேற ஆளப் போட்டு கவர் பண்ணுவோம். ஏன்?"

"ஃபேக்டரிய இழுத்து மூடிடமாட்டீங்க?"

"அது எப்படி மூ..." குணாளன் நிறுத்திக்கொண்டான்.

"ரெண்டு வருஷத்துல நான் போட்ட மொத எம்சி இது. அதுக்குப் போயி ஸ்கூலயே மூடறீங்களே! முடியலதாங்க. இன்னைக்கி முடியல, நாளைக்கும் முடியாது. முடியலன்னு சொன்னா நீங்க அவன அங்க அனுப்பிடுவீங்கன்னு பயந்துகிட்டு இத்தன நாளா வாயத் தொறக்கல. அந்தப் பயத்துலதான் எனக்குப் பிரஷரே. புள்ளைங்களால இல்ல." மூச்சு வாங்கியது. "எனக்குக் கவர் பண்ண ஆளு வேணும். அவ்வளவுதான்."

குணாளன் ஃபோனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே பேச்சு மூச்சில்லை. மூன்று பேரும் கதவுக்குப் பின்னால் காதை வைத்திருந்தால்தான் அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி வரும்.

"நாளைக்கு எனக்கு ஆஃப் டே," என்றான் கடைசியில். ஃபோன் பைக்குள் போனது. "சரி. பாஸ்டவுன் குடு."

ஷிஃப்ட் மாறும்போது போகிறவன் வருகிறவனுக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான் பாஸ்டவுன். எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது, எது இடையில் நின்று நின்று ஓடும் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஃபேக்டரியில் அவன் தினமும் கேட்டு வாங்குகிற சொல்லை வீட்டில் முதல் தடவையாகக் கேட்டான். லோகேஸ்வரி கொடுத்தாள். யுகனுக்குப் பசியாறும்வரை எந்தப் பாடமும் ஏறாது. தர்வின் வாய்ப்பாட்டை ஒப்பிக்கும்போது கேட்கிறவரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் அதை ஒட்டி வைத்திருக்கிறானா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

"பெரியவன்?"

"அவனுக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவன் வார்த்தைய நீங்க எடுத்துக்காதீங்க. எவ்வளவு நேரமானாலும் சரி. அது அவன் வார்த்தை."

குணாளன் எழுந்து சப்பாத்தைக் கழற்றப் போனான்.

மறுநாள் காலையில் ரூமா தோட்டத் தமிழ்ப்பள்ளி தாமதமாகத்தான் திறந்தது. புதிய வாத்தியாருக்குச் சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. லோகேஸ்வரி கட்டிலில் கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டும் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஏதோ கொட்டியது. குணாளன் துடைத்தான் போலிருந்தது. எந்தத் துணியால் துடைத்தான் என்று யோசிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏழாம் வாய்ப்பாட்டில் தர்வின் தகப்பனை ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டான். சரி, பாஸ்டவுன் வேலை செய்கிறது.

பிறகு குணாளன் கவினேஷை வாசிக்கச் சொன்னான். பாடம் யானையைப் பற்றியது. பையன் இரண்டு வரி வாசித்தான், மூன்றாவதில் நின்றான். "க... க... க..."

லோகேஸ்வரியின் இரண்டு காலும் தரைக்கு வந்துவிட்டன. இப்போது தகப்பன் சொல்லைப் பிடுங்குவான். கரும்பு என்பான், இல்லை காடு என்பான். அப்புறம் பையன் புத்தகத்தை மூடிவிடுவான், ஜனவரி வந்துவிடும். கதவு வரைக்கும் போய்ப் பிடியில் கையை வைத்தாள்.

மேசையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. அவசரக்காரனின் விரல். அது தட்டித் தட்டி நின்றுபோனது.

"க... கன்று," என்றான் கவினேஷ்.

"ம். மேல படி."

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மேசையில் போட்டு ஸ்பீக்கரைத் தட்டியிருப்பான் போலிருக்கிறது, பிரேமாவதியின் குரல் அறைவரை வந்தது. "தம்பி, ஹெட்மாஸ்டர் பதில் கேக்குறாருடா. ஜனவரிக்குப் பேரு குடுத்துடட்டா?"

லோகேஸ்வரி கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"வேணாங்க்கா. புள்ளைங்க ஏற்கனவே ஸ்கூல்லதான் இருக்காங்க. கிளாஸ் நடந்துகிட்டிருக்கு."

"என்னடா ஒளறுற? எந்த ஸ்கூலு?"

குணாளன் வாயெடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது. "நீ சொல்லுடா அத்தைக்கு," என்றான்.

"ர்... ரூ... ரூ..."

"என்னது? ரூபியா? என்ன சொல்றான்?"

"அவனே சொல்லட்டும்க்கா. அவசரப்படாதீங்க."

அவசரத்தைப் பற்றிக் குணாளன் புத்தி சொல்கிறான்! கதவுக்கு இந்தப் பக்கம் லோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் பையன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மாட்டிக்கொண்டான், விட்டான், மறுபடி பிடித்தான். கரங்கானில் பிரேமாவதியும் வேறு வழியில்லாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"ரூ... ரூமா தோ... தோட்டத் தமிழ்ப்பள்ளி, அத்த."

தர்வினும் யுகனும் கூச்சல் போட்டார்கள். "கிளாஸ்ல சத்தம் போடாத!" என்று வாத்தியார் மேசையைத் தட்டினார்.

லோகேஸ்வரி கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். திரும்பிப் போய்ப் படுத்தாள். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள். எதையும் எடுக்க, எதையும் துடைக்க அவள் எழவில்லை. வெளியே கவினேஷ் அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கினான்.